டார்ச் லைட் பிடிக்கும் பிள்ளை

வியாழக்கிழமை இரவு பதினொரு மணி இருக்கும். நிகழ்ச்சி முடிந்து காரை எங்கே விட்டேன் என்று தேடிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. அக்கா இவ்வளவு நீளமாகப் பேசினால் ஒன்று சொந்தத்தில் யாருக்கோ கல்யாணம், இல்லையென்றால் வீட்டில் சண்டை.

சண்டைதான். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அக்காவின் மகள் இப்போது படிவம் மூன்று. படிவம் நான்கில் எந்தப் பாடத் தொகுப்பு வேண்டும் என்று நிரப்பி, பெற்றோர் கையெழுத்தோடு திங்கட்கிழமை பள்ளியில் கொடுக்க வேண்டும். அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று நம் காலத்தில் இருந்த பெயர்கள் 2020 முதல் இல்லை. இப்போது எல்லாம் தொகுப்பு. பிள்ளை இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம், அதோடு தொழில்நுட்ப வரைகலை என்று எழுதி வைத்திருக்கிறாள். அத்தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

"பயோலஜி எடு, இல்லன்னா அக்கவுண்ட்ஸ் எடு. ரெண்டும் இல்லாம இது என்னாத்துக்கு? பொம்பளப் பிள்ளை ஸ்பெனர் பிடிக்கப் போகுதா?" இது அத்தான் சொன்னதாக அக்கா சொன்னது.

கடைசியில் எனக்கும் ஒரு குத்து வைத்திருந்தாள். "நீ வந்து பேசுடி. ரேடியோவுல ஊருக்கே புத்தி சொல்ற இல்ல."

மறுநாள் நிகழ்ச்சியில் வேறொரு தலைப்புதான் பேசுவதாக இருந்தது. மனசு கேட்கவில்லை. நேயர்களிடம் சும்மா ஒரு கேள்வி போட்டேன்: வீட்டில் காற்றாடியோ சுவிட்சோ பழுதானால் யார் திறந்து பார்ப்பார்கள், கூட யார் நிற்பார்கள்?

கூலிமிலிருந்து படிவம் ஐந்து படிக்கும் ஒரு தம்பி அழைத்தார். "அப்பா பார்ப்பாரு அக்கா. நான் ஸ்க்ரூ எல்லாம் கழட்டிக் கொடுப்பேன். எங்க அக்கா டார்ச் லைட் பிடிப்பாங்க." நான் சிரித்துவிட்டேன். அடுத்து சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா. அவர் வீட்டிலும் மகள்தான் டார்ச் லைட். அதற்கடுத்து ஒரு பெண் கிள்ளானிலிருந்து: "நான் சின்ன வயசுல பிடிச்சேன், இப்ப என் மகள் பிடிக்கிறா." அன்றைக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் டார்ச் லைட் வந்தது. இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். வானொலிக்கு அழைப்பவர்கள் பேச ஆசைப்படுபவர்கள் மட்டும்தான். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எங்கள் வீட்டில் யார் பிடித்தார்கள் என்று யோசித்துக்கொண்டே போனேன். நான்தான் பிடித்தேன். தம்பி ஸ்க்ரூ கழற்றினான். அவனுக்கு அப்போது எட்டு வயது, எனக்குப் பதின்மூன்று.

நம் நாட்டுப் பெண் பிள்ளைகளுக்கு அறிவியல் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 15 வயது மாணவர்களை உலக அளவில் சோதிக்கும் பீசா தேர்வில், 2018ஆம் ஆண்டு, மலேசிய மாணவிகள் கணிதத்திலும் அறிவியலிலும் மாணவர்களைவிடச் சில புள்ளிகள் முன்னால்தான் இருந்தார்கள். அரசாங்கப் பல்கலைக்கழக மாணவர்களில் பத்துக்கு ஆறு பேர் பெண்கள். ஆய்வாளர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள் என்று யுனெஸ்கோ கணக்குச் சொல்கிறது. பல பணக்கார நாடுகளில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கணினிக் கதை இன்னும் சுவாரஸ்யம். விவியன் லாகசென் என்ற நார்வே ஆய்வாளர் கோலாலம்பூரில் கணினி அறிவியல் படிக்கும் மாணவிகளிடமும் விரிவுரையாளர்களிடமும் பேசி 2008இல் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய ஊரில் கணினி வகுப்பில் பெண்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே வந்து பார்த்தால் வகுப்பில் பாதிக்கும் குறையாமல் பெண்கள், பாடம் நடத்துபவர்களும் பெண்கள். உல்ஃப் மெல்ஸ்த்ரோம் என்ற சுவீடன் ஆய்வாளரும் பினாங்கில் இதையே பார்த்துவிட்டு, மலேசியாவில் கணினி அறிவியலில் ஏன் இத்தனை பெண்கள் என்று 2009இல் எழுதினார். ஊடகத்துறை படித்த காலத்தில் இந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டுப் பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் வந்து நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள் என்று.

இந்த வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். அந்த மாணவிகள் சொன்ன காரணங்களை அப்போது சரியாகக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. கணினி வேலை கட்டடத்துக்குள் செய்யும் வேலை. வெயிலில் நிற்க வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம், பெண்ணுக்குப் பாதுகாப்பு. பெற்றோரும் அதனால்தான் சரி என்றார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

அத்தான் சொல்வதும் அதுதானே? பயோலஜி எடுத்தால் மருத்துவமனை, மருந்தகம். அக்கவுண்ட்ஸ் எடுத்தால் அலுவலகம். இரண்டிலும் ஏர்கோன் இருக்கிறது. பாடத்தைப் பார்த்து நாம் முடிவு செய்வதில்லை. அந்த வேலை நடக்கும் இடத்துக்குக் கூரை இருக்கிறதா, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட முடியுமா என்று பார்க்கிறோம். கணினிக்கு அந்தக் கூரை அமைந்துவிட்டது, கதவு திறந்தது. இயந்திரப் பொறியியலுக்கு அமையவில்லை.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972இல் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியதும் மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. லைனில் உட்கார வைக்க அவர்கள் தேடித் தேடி எடுத்தது இளம்பெண்களைத்தான். அம்மா 1979இல் சேர்ந்தார். பட்டர்வொர்த்திலிருந்து விடியற்காலை ஃபெரி, அந்தப் பக்கம் தொழிற்சாலைப் பேருந்து. 1985இல் பாலம் திறந்த பிறகுதான் அந்த ஃபெரி அலைச்சல் குறைந்தது. மூன்று ஷிஃப்ட். நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைக்கும் வேலை. பதினோரு வருடம் செய்தார். முப்பது வயதில் கண்ணாடி போட்டார்.

அதாவது, தொழில்நுட்பம் பெண்ணுக்கு ஒத்துவராது என்று நம் குடும்பங்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பே, உலகத்துக்கு வேண்டிய சில்லுகளை நம் வீட்டுப் பெண்கள் இரவு ஷிஃப்டில் செய்துகொண்டிருந்தார்கள். அப்போது யாரும் கூரையைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டுக்குச் சம்பளம் தேவைப்பட்டது.

சனிக்கிழமை போனபோது அம்மாவிடம் கேட்டேன்: "மெஷின் நின்னுட்டா என்னம்மா செய்வீங்க?"

"கையை எடுத்துட்டுச் சும்மா உக்காந்திருப்போம். டெக்னீஷியன் வருவாரு, தொறந்து பார்ப்பாரு."

"நீங்க தொறந்து பார்த்ததே இல்லையா?"

"தொட்டா சூப்பர்வைசர் கத்துவாரு." கொஞ்சம் பொறுத்து, "ஆனா எனக்குத் தெரியும், எங்க சிக்கிக்கிச்சுன்னு. சத்தத்துலயே தெரியும்" என்றார்.

இது எனக்குப் பழக்கமான கதை. நான் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு 2003இல் படிவம் ஒன்றுக்குப் போனவள். அந்த ஆண்டுதான் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. மின்சுற்று என்று ஆசையாகப் படித்த ஒன்று திடீரென்று வேறு பெயரில் எதிரே நின்றது. வகுப்பில் பையன்கள் தப்பும் தவறுமாகக் கத்திப் பதில் சொன்னார்கள், தப்பென்றால் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்கள். நாங்கள் சில பெண்கள் வாக்கியத்தை மனத்துக்குள் சரிபார்த்து முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். தேர்வுத் தாளில் எங்களுக்குத்தான் மதிப்பெண் கூட. ஆனால் வகுப்பில் யாருக்கு அறிவியல் பிடிக்கும் என்று கேட்டால் ஆசிரியர் பையன்களைத்தான் காட்டுவார். அவர்களுடைய குரல்தான் அவருக்குத் தெரியும்.

வாழ்வியல் திறன் பாடம் நினைவிருக்கிறதா? கெமாஹிரான் ஹிடுப். அதில் தொழில்நுட்பத் திறன் ஒரு பிரிவு, வீட்டுப் பொருளியல் ஒரு பிரிவு. எங்கள் பள்ளியில் எது வேண்டும் என்று எங்களைக் கேட்கவே இல்லை. பையன்கள் பட்டறைக்கு, பெண்கள் தையல் அறைக்கு. தையல் இயந்திரமும் இயந்திரம்தானே என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஒருமுறை என் இயந்திரத்தில் நூல் உள்ளே சிக்கி நின்றுவிட்டது. அடித்தட்டைக் கழற்றப் போனேன். "அதையெல்லாம் நீ திறக்காதே, பட்டறை சார் வருவார்" என்றார் ஆசிரியை. அவர் வந்தார், கழற்றினார், சரிசெய்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டார்ச் லைட் மட்டும்தான் இல்லை.

அந்தப் பிரிவினை இப்போது பெரும்பாலும் போய்விட்டது. 2017இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் வாழ்வியல் திறனை எடுத்துவிட்டு, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் ஆர்.பி.டி. என்பார்கள். சில பள்ளிகளில் அதற்குப் பதில் அடிப்படைக் கணினி அறிவியல். ஆர்.பி.டி.யில் பெண்ணும் பையனும் ஒரே வகுப்பில் பற்சக்கரமும் செய்ய வேண்டும், ஆடை வடிவமைப்பும் படிக்க வேண்டும். என் அக்காள் மகளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அங்கேதான். படிவம் இரண்டில் அட்டையும் சின்ன மோட்டாரும் வைத்து, கைப்பிடியைத் திருப்பினால் சிறகடிக்கும் ஒரு பறவை செய்தாள். முதல் இரண்டு நாள் சிறகு ஒரு பக்கம்தான் அடித்தது. மூன்றாம் நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு எனக்கு வீடியோ அனுப்பினாள், இரண்டு சிறகும் அடிக்கிறது. "சித்தி, பல்லு ஒண்ணு குறைச்சேன், சரியாயிடுச்சு!" அந்தக் குரலை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பேசும் எந்த நிகழ்ச்சியிலும் கேட்டதில்லை.

அரசாங்கம் தன் பங்குக்கு 60:40 என்று ஒரு கொள்கையை 1970 முதல் சொல்லிவருகிறது. நூறு மாணவரில் அறுபது பேர் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க வேண்டும். இன்னும் எட்டவில்லை. அதைப் பற்றி அமைச்சர்கள் நிறையப் பேசிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் போட்டிகளில் வெளுத்து வாங்குவது உங்களுக்குத் தெரியும். அஸ்தி இயக்கம் தமிழ்ப்பள்ளிகளுக்காக நடத்திவரும் அறிவியல் விழா போன்றவற்றில் ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளை எழுந்து நின்று மாறி, மாறிலி என்று விளக்கினால் நீதிபதிகளுக்கே வியர்க்கும். சில ஆண்டுகளுக்கு முன் இடைநிலைப்பள்ளி மாணவர்களின் புத்தாக்கக் கண்காட்சி ஒன்றுக்கு அறிவிப்பாளராகப் போயிருந்தேன். மேசை மேசையாகச் சுற்றி வந்தேன். பெரும்பாலான குழுக்களில் ஒரே அமைப்பு. பெண் விளக்குகிறாள், பையன் கருவிக்குப் பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அறிக்கை எழுதியது யார் என்றால் பெண். அட்டையில் எழுத்து, அலங்காரம் பெண். "ஒயரிங் நீ செய்யலையாம்மா?" என்று ஒருத்தியைக் கேட்டேன். "நான் நல்லா பேசுவேன் அக்கா, அதனால என்னைப் பிரசென்டேஷனுக்குப் போட்டாங்க."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவள் தோளைத் தட்டி, "ஆமாம்மா, ரொம்ப அழகா பேசுற. பேசாம ரேடியோவுக்கு வந்துடு" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள். நான் அன்று பாராட்டியதாகத்தான் நினைத்தேன். இந்த வாரம்தான் உறைத்தது. அவள் சூரிய சக்தியில் இயங்கும் உலர்த்தி ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினாள். அதைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒயர் பிடித்த பையனிடம் மூன்று கேட்டேன்.

வானொலி வேலையை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு உயிர். ஆனால் நன்றாகப் பேசும் பெண்ணையெல்லாம் ஒலிவாங்கிப் பக்கம் தள்ளிவிட்டால் மற்ற மேசையில் யார் இருப்பார்கள்?

சனிக்கிழமை பிற்பகல் அத்தானிடம் உட்கார்ந்தேன். அவர் பிறையில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு. இருபத்திரண்டு வருட அனுபவம். கெட்ட மனிதர் இல்லை. தன் மகளைத் தாழ்வாக நினைப்பவரும் இல்லை. அவருடைய பயம் அவர் பார்த்த உலகத்திலிருந்து வருகிறது.

"நைட் ஷிஃப்டுல மூணு மணிக்கு மெஷின் நிக்கும்மா. போய்த் தொறக்கணும். முழுக்க ஆம்பளைங்க. நான் அங்க இருந்திருக்கேன், எனக்குத் தெரியும் அவனுங்க எப்படிப் பேசுவானுங்கன்னு."

"பொண்ணுங்க யாருமே இல்லையா அத்தான்?"

"இருந்தாங்க. ரெண்டு இன்ஜினியர் பிள்ளைங்க வந்துச்சு. ஒண்ணு மலாய்ப் பிள்ளை, ஒண்ணு நம்ம பிள்ளை. கெட்டிக்காரிங்க. ரெண்டு பேரும் குழந்தை பிறந்ததும் நின்னுட்டாங்க. அவ்வளவு படிச்சு என்ன செய்ய?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் நாட்டில் வேலைச் சந்தையில் இருக்கும் பெண்கள் சுமார் 56 விழுக்காடு, ஆண்கள் 80க்கும் மேல். அத்தான் தன் தொழிற்சாலையில் பார்த்தது உண்மைதான். ஆனால் நின்றுபோனவர்கள் அக்கவுண்ட்ஸ் படித்தவர்களிலும் இருக்கிறார்கள், மருந்தாளுநர்களிலும் இருக்கிறார்கள். அதற்காக அந்தப் பாடங்களைப் படிக்க வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. இதை மட்டும் சொன்னேன். அத்தான் ஒன்றும் பேசவில்லை.

நம் விண்வெளி நிறுவனமாக இருந்த அங்காசாவின் முதல் தலைமை இயக்குநர் மஸ்லான் ஒத்மான் சிரம்பானில் பிறந்து இயற்பியல் படித்தவர்தான் என்று ஆரம்பித்தேன். அத்தான் கையை ஆட்டிவிட்டார். "அதெல்லாம் பெரிய இடம்மா." அவர் சொன்னதிலும் ஞாயம் இருக்கிறது. நம் தெருவில், நம் கோயில் திருவிழாவில், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு பெண் இன்ஜினியரைப் பார்த்திருந்தால் அவருக்கு இவ்வளவு பேச்சு தேவைப்பட்டிருக்காது. ஐ.நா. விண்வெளி அலுவலகத்தில் உட்கார்ந்தவரின் கதை புக்கிட் மெர்தாஜாம் தாமானுக்கு எட்டவில்லை.

அம்மாதான் காரியத்தை முடித்தார். சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார். "மாப்பிள்ளை, நான் நைட் ஷிஃப்டு போனப்ப உங்க மாமனாருக்குப் பயம் இல்லையா? இருந்துச்சு. ஆனா என் சம்பளத்துலதான் உங்க பொண்டாட்டிக்குப் பால் மாவு. நான் போனேன், மெஷினத் தொடாம வந்தேன். இவ போய்த் தொறக்கட்டும்."

அத்தான் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படிவத்தைக் கேட்டு வாங்கினார், படித்தார், கையெழுத்துப் போட்டார். பிள்ளை எழுதியது எழுதியபடி. ஆனால் ஒரு நிபந்தனை: டியூஷனுக்கு இருட்டிய பிறகு தனியாகப் போய்வரக் கூடாது.

இதுதான் இப்போது சிக்கல். கூடுதல் கணிதத்துக்கு டியூஷன் இல்லாமல் முடியாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த வட்டாரத்தில் நல்ல வகுப்பு இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பத்துக்கு முடிகிறது. பக்கத்து வீட்டுப் பையன் மோட்டாரில் போய்வருகிறான். இவளை யாராவது ஏற்றிப்போய்க் கூட்டிவர வேண்டும். அத்தானுக்கு ஒருவாரம் விட்டு ஒருவாரம் இரவு ஷிஃப்ட். நான் கோலாலம்பூரில். இப்படி ஒரு பாடம் கைவிட்டுப் போன பெண்கள் எத்தனை பேர் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும். வெள்ளிக்கிழமை பேசிய சுங்கை சிப்புட் அம்மாவும் இதைத்தான் சொன்னார். மகள் இயற்பியலை விட்டதற்குக் காரணம் இயற்பியல் இல்லையாம், இரவு வகுப்பாம்.

அக்காவிடம் லைசென்ஸ் இருக்கிறது. பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறாள். காரைத் தொட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. கல்யாணத்துக்குப் பிறகு அத்தான்தான் ஓட்டுவார், இவள் பக்கத்து இருக்கையில் தண்ணீர்ப் போத்தல் பிடித்துக்கொண்டு வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, பேரங்காடி திறப்பதற்கு முன், அதன் கார் நிறுத்துமிடத்தில் மைவியோடு நின்றோம். அக்கா ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில், அவள் மகள் பின்னால். ரிவர்ஸ் எடுத்தபோது தள்ளுவண்டிகள் நிற்கும் கம்பியில் பின்பக்கம் இலேசாக உரசிவிட்டது. அத்தானுக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் இந்தப் பகுதியைப் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.